வடிகட்டாத காப்பி

எந்தக் குளிர்காலம் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பேச்சுகளைக்கூட நான் மாற்றி நினைவில் வைத்திருக்கலாம். காப்பி விஷயம் மட்டும் மாறாது.

மீன்பிடிப் படகு வைத்திருந்த டோர்கில்ஸின் வண்டி பனியில் கிளம்பவில்லை. அவனுடைய இறந்துபோன தம்பியின் மனைவி குட்வெய்க்தான் தன் வண்டியில் அவனை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மீன்பிடித் துறைமுகச் சமையலறையில் படகுக்காரர்களுக்குக் காப்பி போடுகிறவள் அவள்.

"கொழுப்பு ரொம்ப ஏறியிருக்கு," என்றார் மருத்துவர். "தூளைக் கெட்டில்ல கொதிக்க வச்சு அப்படியே குடிக்கிறீங்கல்ல? தூள்ல இருக்கிற எண்ணெய்தான் கொழுப்பை ஏத்துது. காகிதத்துல வடிகட்டினா எண்ணெய் அதுலயே தங்கிடும். சர்க்கரையும் எல்லையில நிக்குது. காப்பியில சர்க்கரை உண்டா?"

"கோப்பையில ஒரு துணுக்குகூடப் போட்டதில்ல."

பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் வழியே காப்பியை உறிஞ்சுவார்கள். அவனுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை. அது காப்பியில் போட்ட கணக்கில் வராது என்றே அவன் நம்பினான். குட்வெய்க் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதத்தில் இரண்டும் இறங்காவிட்டால் கடலுக்குப் போகச் சான்றிதழ் கிடையாது என்றார் மருத்துவர். அவளுக்கு அது போதும்.

இரண்டு வருடம் முன்பு அவள் புருஷன் எய்விந்த் நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்ன காலையில், "சோம்பேறி, ரெண்டு காப்பி குடி, சரியாயிடும்," என்று சிரித்துப் படகில் ஏற்றியவன் இந்த அண்ணன். மாலையில் தார்ப்பாயில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தான். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வடிகட்டும் இயந்திரத்தை எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் வைத்தாள்.

"வடிகட்டினா அது காப்பியா, டோர்கில்ஸ்? கோப்பை கழுவின தண்ணி!" என்றான் படகில் வேலைசெய்யும் ஓட்மார்.

"குடிச்சுத் தொலைக்கணுமே," என்றான் டோர்கில்ஸ்.

உள்ளே அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் இயந்திரத்தின் குடுவையில் ஊற்றி அவனுக்கு வைத்தாள். பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகளும், முன்னைவிடப் பெரிதாக. மூன்று மாதம், ஒரு நாள் தவறவில்லை. அவன் உறிஞ்சும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மனசு குளிர்ந்தது.

இரண்டாம் பரிசோதனைக்கும் அவளே ஓட்டிப்போனாள். கொழுப்பும் ஏறியிருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது.

"வடிகட்டித்தானே குடிச்சீங்க?"

டோர்கில்ஸ் அவளைப் பார்த்தான். "ஆமா," என்றான்.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள்.

"மொத வாயிலயே தெரிஞ்சுது," என்றான் டோர்கில்ஸ். "வடிகட்டினதுல அடியில மண்டி நிக்காதே."

"அப்புறம் ஏன் குடிச்சே?"

"எய்விந்த் போனதுலருந்து நீ என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. எனக்குப் பிடிச்ச மாதிரி ரகசியமாப் போட்டுத் தர்றே, மனசு எளகிடுச்சுன்னு நெனச்சேன்."

"எளகல. நீ கடலுக்குப் போகக் கூடாதுன்னுதான் போட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை நாள் அவள் ஊற்றியதை அன்பென்று நினைத்துக் குடித்திருக்கிறான். அதில்தான் அவளுக்கு எரிச்சல். அந்த நினைப்பை உடைத்தபோதும் எரிச்சல் அடங்கவில்லை.

சான்றிதழ் கிடைக்கவில்லை. படகை ஓட்மார் வாங்கினான். டோர்கில்ஸ் மாத்திரை சாப்பிடுகிறான், வீட்டில் வடிகட்டிக் குடிக்கிறான், கட்டி மட்டும் பல்லிடுக்கில்தான். கொழுப்பு இறங்கிவிட்டது, சர்க்கரை இறங்கவில்லை. குட்வெய்க் அதே சமையலறையில் வேலை செய்கிறாள். அவனிடம் பேசுவதில்லை.