சம்பந்தியின் கனத்த கால்

காதுக்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவரைக் கூப்பிடுவார்கள். காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். நாலு வினாடியில் இன்ன இடத்தில் இன்ன வியாதி என்று சொல்லிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். மிச்சம் பத்தைப் பற்றி அவரும் பேசமாட்டார், அவரிடம் அதைக் கேட்கும் துணிச்சலும் யாருக்கும் கிடையாது. முப்பது வருஷமாகக் கார் மெக்கானிக். பட்டறைக்குள் அவர் சொன்னதுதான் சட்டம்.

அந்த வியாழக்கிழமை பட்டறையில் எஞ்சின் மூடி கழற்றிக் கிடந்தது அவருடைய சம்பந்தியின் கார். இருபத்து மூன்று வயதான டர்போ கார்; வெளியே போகும் புகையின் வேகத்தாலேயே சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்ன விசிறிதான் டர்போ. கேம்ஷாஃப்டில் ஒரு மேடு தேய்ந்து மழுங்கியிருந்தது. மாற்றியாக வேண்டும்.

கேம்ஷாஃப்ட் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. முழங்கை நீளத்தில் ஓர் இரும்புத் தண்டு, அதன்மேல் வரிசையாக எட்டு முட்டை வடிவ மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற மேடுகள் வால்வுகளை அமுக்கித் திறக்கும். காற்று உள்ளே வரும் கதவு எது, புகை வெளியே போகும் கதவு எது, எது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதெல்லாம் அந்த மேடுகளின் வடிவத்தில் இருக்கிறது. எஞ்சினின் குணமே அதில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடியவேண்டும். அன்றைக்குச் சம்பந்தி கார் சாவியைத் தன் மருமகளிடம் கொடுக்கப்போகிறார். மருமகள் என்றால் காதுக்காரரின் மகள்தான். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேரவேண்டும். சம்பந்தி இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லையாம். அறுபத்தொரு வயது, கண்ணும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையை எழுதியவரே நம்முடைய காதுக்காரர்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தபால் பிரிக்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்த சம்பந்தி இந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கினார். வாங்கிய மறு வாரமே எண்ணெய் வற்றி, எஞ்சின் இறுகி, கேம்ஷாஃப்ட் இரண்டாக முறிந்துபோனது. இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த இடம் இந்தப் பட்டறை. காதுக்காரர் வேறொன்று வாங்கிப் போட்டு ஓடவைத்தார். அந்தப் பழக்கத்தில் இரண்டு வருஷம் கழித்துச் சம்பந்தமும் ஆனது. ஆனால் வேறொன்று போட்ட நாளிலிருந்தே மலைப்பாதையில் மட்டும் கார் திணறியது. "எல்லாம் நல்லா இருக்கு, ஏத்தத்துல மட்டும் மூச்சு வாங்குதுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் அவர். காதுக்காரர் பட்டறைக்குள் நிறுத்திவைத்தே ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கேட்டார், கண்ணைத் திறந்தார், தீர்ப்புச் சொன்னார்.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்குத்தான் கால் கனம். டர்போ வண்டிய மிதிக்கக் கூடாது, கெஞ்சி வேலை வாங்கணும்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை குடும்பத்துச் சொத்தாகிவிட்டது. விசேஷம் என்று பத்துப்பேர் கூடினால், "மாமா கார்ல வர்றாராம், நாம நடந்தே முன்னாடி போயிடலாம்" என்று மருமகளே சிரிப்பாள். சம்பந்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவர் வீட்டம்மா மலைமேல் தங்கை வீட்டுக்குப் போவதென்றால் பஸ்ஸில் போய்விடுவார்.

சரி, கேம்ஷாஃப்டுக்கு வருவோம். காதுக்காரர் கையில் இப்போது இரண்டு இருந்தன. ஒன்று புத்தம்புதிது. உதிரிபாகக் கடையில் பழசைக் காட்டி, அதே அச்சாக வாங்கியது. பழசைக் காட்டினால்தான் புதுசு தருவார்கள், அது அந்தக் கடைகளின் வழக்கம். இன்னொன்று பழைய இரும்புக் கிடங்கில், இதே மாடல் டர்போ கார் ஒன்று நசுங்கிக் கிடந்தபோது அவரே கழற்றி எடுத்தது. கம்பெனிச் சரக்கு, இரும்பு கெட்டி. ஆனால் அதன் மேடுகள் கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தன. எதைப் போடுவது என்ற யோசனையோடு மூன்றையும் துணியில் சுற்றிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த கடைசல்காரம்மாவிடம் போனார்.

கடைசல்காரம்மா லேத் பட்டறையைத் தனியாக நடத்துகிறவள். மூக்குக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அளவு விஷயத்தில் அவளிடம் யாருடைய பெருமையும் செல்லாது. கிடங்கிலிருந்து வந்ததை முதலில் இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் வைத்து, மேட்டின் மேல் அளவுமானியின் முள்ளை நிறுத்தி, மெல்லச் சுற்றினாள்.

"மேடு ஏழு மில்லி உசரம்" என்றாள்.

அடுத்துக் காரிலிருந்து கழற்றிய பழசை வைத்தாள். மழுங்கிப்போன மேட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மேட்டை அளந்தாள். முள் ஏழைத் தாண்டி ஏழே முக்காலில் போய் நின்றது. இன்னொரு மேட்டை அளந்தாள். அதுவும் ஏழே முக்கால்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, இது எத்தனை வருஷம் ஓடுச்சு?"

"பதினொண்ணு."

"தேஞ்சா குள்ளமாத்தானே ஆகணும். பதினோரு வருஷம் ஓடினது எப்படி இவ்வளவு உசரமா நிக்குது?"

காதுக்காரருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. நேரத்தை மறந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கிடங்குல எடுத்ததுதான் தேஞ்சிருக்கும்" என்றார். அவள் விளக்கைக் கிட்டே இழுத்துக் காட்டினாள். அதன் மேடுகளில் கம்பெனியில் கடைந்த கோடுகள்கூட அழியாமல் இருந்தன. "அப்ப புதுசை வைம்மா" என்றார். வைத்தாள். ஏழே முக்கால்.

"பாத்தியா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. கிடங்குல எடுத்ததுதான் கோளாறு."

"பழசைக் காட்டித்தானே புதுசு வாங்கினீங்க? அப்புறம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை எப்படிண்ணே சாட்சிக்குக் கூப்பிடுறீங்க?"

அவள் தண்டின் முனையில் கோணம் அளக்கும் பாகை வட்டு ஒன்றை மாட்டி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே சுற்றினாள். பழசில் காற்று வரும் கதவும் புகை போகும் கதவும் ஒரே சமயத்தில் திறந்திருக்கிற நேரம் அதிகமாக இருந்தது. கிடங்கிலிருந்து வந்ததில் அந்த நேரம் மிகக் குறைவு. காதுக்காரர் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். டர்போ எஞ்சினில் புகை போகிற வழியில் டர்போ உட்கார்ந்துகொண்டு அதை நெருக்கும். இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருந்தால் வெளியே போகவேண்டிய புகை உள்ளேயே திரும்பி வரும். சமதரையில் வேகமாகப் போனால் தெரியாது. ஏற்றத்தில், மெதுவாகப் போகும்போது, கார் மூச்சு வாங்கும்.

மூச்சு வாங்குதுங்க. அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது.

இரண்டின் முனையிலும் எண் பொறித்திருந்தது. பழசில் கடைசி இலக்கம் நாலு, கிடங்குச் சரக்கில் ஏழு. பழைய உதிரிபாகப் பட்டியல் புத்தகங்களை இன்னும் எறியாமல் வைத்திருக்கும் ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஏடு புரளும் சத்தம் கேட்டது, ஒரு தும்மல் கேட்டது.

"ஏழுல முடிஞ்சா டர்போ. நாலுல முடிஞ்சா டர்போ இல்லாத சாதா எஞ்சின். நீளம், கனம் எல்லாம் ஒண்ணுதான், மேடு மட்டும் வேற. ஏன், யாராவது மாத்திப் போட்டுட்டாங்களா?"

காதுக்காரர் போனை வைத்தார். அன்றைக்கு முறிந்துபோன கேம்ஷாஃப்டின் முன்பாதியை மட்டும் கடைக்கு எடுத்துப் போனது ஞாபகம் வந்தது. எண் பொறித்த பின்பாதியை அவரேதான் இரும்புக் குப்பையில் வீசினார். கடைக்காரன் பாதியை வைத்து அளந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான், இவரும் வாங்கிப் போட்டார். இன்றைக்கும் அதே பழசைக் காட்டி அதே தப்பைப் புதுசாக வாங்கி வந்திருக்கிறார்.

"யாருண்ணே மாட்டினது இதை?" என்று கேட்டாள் கடைசல்காரம்மா.

"எவனோ ஒருத்தன்."

"அந்த எவனோ இன்னும் கடை வச்சிருக்கானா?"

அவர் மூன்றையும் துணியில் சுற்றினார். வெட்கமாக இருந்தது. இந்த வயசில் இப்படி ஒரு வெட்கம் தேவையா என்று எரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிடங்குச் சரக்கை மாட்டினார். எண்ணெய் வழியெல்லாம் ஊதிச் சுத்தம் செய்தார். வேலை செய்துகொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? கார் பறக்கும். மகள் ஓட்டுவாள். எல்லாரும் பட்டறைக்காரரைப் புகழ்வார்கள். அந்த இடத்தில்தான் கணக்கு உதைத்தது. அவள் ஓட்டிக் கார் பறந்தால் ஊரே என்ன சொல்லும்? பாத்தியா, அந்த மனுஷனுக்குக் கால் கனம்தான் என்று சொல்லும். முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும். அப்போதும் பேசாமல் இருந்துவிடலாம் என்றே நினைத்துக்கொண்டார். மனுஷன் தானே!

சனிக்கிழமை காலை சம்பந்தி வந்தார். காரின் காகிதங்களை ஒரு உறையில் போட்டு, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து ஒரு பையில் எடுத்து வந்திருந்தார்.

"நாளைக்கு அவகிட்ட குடுக்குறதுக்கு எல்லாம் சரியா இருக்கட்டும்னு பாத்தேன். அவ நல்லா ஓட்டுவா, சம்பந்தி. எனக்குத்தான் கை கூடல." பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வீட்டுலகூடத் தெரியாது. மூணு வருஷம் முன்னாடி டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். பத்து நாள் போனேன். சின்னப் பசங்களோட வரிசையில நின்னு கத்துக்கிட்டேன். அங்க இருந்த வண்டியில ஏத்தம் நல்லாத்தான் ஏறுச்சு. நம்ம வண்டிக்கு வந்தா பழைய கதைதான். சரி, டர்போவுக்கு நாம லாயக்கில்லைன்னு விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காதுக்காரரால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஏறுங்க" என்றார். "நீங்களே ஓட்டுங்க."

"நானா? எதுக்கு?"

"ஏறுங்க, சொல்றேன்."

மலைப்பாதையின் முதல் திருப்பத்தில் சம்பந்தி வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு, கியரைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனார். "குறைக்காதீங்க, மூணுலயே போங்க" என்றார் காதுக்காரர். டர்போ விசில் அடித்தது. கார் முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் எழும்பி ஏறியது. முன்னால் போன பஸ்ஸைத் தாண்டியது. உச்சியில், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஓரமாக நிறுத்திவிட்டு, சம்பந்தி தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

காதுக்காரர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முறிந்த பாதி, குப்பையில் போட்ட பாதி, நாலு, ஏழு, எவனோ ஒருத்தன் என்று சொன்ன பொய் உள்பட. "தப்பு என்னுது. உங்க கால்ல ஒண்ணும் இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க" என்று முடித்தார்.

சம்பந்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"பதினோரு வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது இந்த ஏத்தத்துல ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"காதுல வச்சுக் கேட்டீங்க."

"ஆமா."

"நான் சொன்னதைக் கேக்கல."

காதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி கதவைத் திறந்து இறங்கி இந்தப் பக்கம் வந்தார். "இறங்குங்க. இப்ப நீங்க ஓட்டுங்க. கீழ போய்த் திரும்ப ஏறுவோம்."

காதுக்காரர் மனசு எங்கேயோ இருக்க ஓட்டினார். அடிவாரத்தில் திருப்பி ஏற்றத்தில் கிளப்பும்போது கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார்; கார் குலுங்கி, இருமி, நின்றுபோனது. மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

சம்பந்தி முன்னால் பார்த்தபடி, பட்டறையில் காதுக்காரர் தீர்ப்புச் சொல்லும் அதே தோரணையில் சொன்னார். "எஞ்சின்ல ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்குத்தான் கால் கனம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று இரண்டு பேருக்குமே பிறகு ஞாபகம் இல்லை. காதுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் கொஞ்சம் சிரிப்பால் வந்ததில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது வாசலில் மகள் நின்றிருந்தாள். காரைச் சுற்றிவந்து, மாமனார் பக்கத்து ஜன்னலில் குனிந்து கையை நீட்டினாள். "என்ன மாமா, அப்பாவை ஓட்ட விட்டுட்டீங்க? நல்லதுதான், நேரத்தோட வந்து சேந்தீங்க. சாவிய நாளைக்குத் தர்றதை இன்னிக்கே தந்துடுங்க."

சம்பந்தி காதுக்காரரைப் பார்த்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காதுக்காரர் மகளிடம் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, டிரைவிங் ஸ்கூல் விஷயத்தைத் தவிர. அது அவர் சொல்லவேண்டியது இல்லை. கேட்கக் கேட்க மகளின் முகம் மாறியது. எத்தனை விசேஷத்தில், எத்தனை பேர் நடுவில் அந்தச் சிரிப்பைத் தானே ஆரம்பித்து வைத்தோம் என்று அவள் எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க ஸ்டியரிங் பக்கம் போங்க. வீட்டுக்குப் போவோம். திங்கக்கிழமையும் நீங்களே என்னை மேல கொண்டு விட்டுடுங்க."

சம்பந்தி இறங்கிச் சுற்றி வந்தார். காதுக்காரர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, கீழே இறங்கி வழிவிட்டார்.