சுவரில் விழுந்த கோடு

வயர்க்காரி ஒரு நாளைக்கு நானூறு முனை பற்றவைப்பவள். கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலையில் பதினெட்டு வருஷ அனுபவம். அங்கே யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வயர்க்காரி என்றுதான். வீட்டிலும் புருஷன் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்டவள் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, சொந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒரு விளக்கு மாட்ட முடியாமல் திண்டாடுகிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? நாத்தனார் சிரிப்பாள். அவளுக்கு இதற்கெல்லாம் மூக்கில் வியர்த்துவிடும்.

விஷயம் இதுதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் அவள் புருஷன் வண்டியோடு நிற்பார். குழாய் வேலை செய்கிறவர், ஊரில் பாதிப் பேருக்குக் குழாய்க்காரர். அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான் இரண்டு பேரும் பேசுவார்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் அவர் டிவி, இவள் அடுப்பு, வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். போன மாதம், இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஓரமாக நின்ற மணல் வண்டியின் பின்னால் ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டார். “இது லைட்டா, மெழுகுவத்தியா?” என்று வண்டியைத் திட்டினார். அவளோ, நல்ல விளக்கு போடாவிட்டால் இனிமேல் கம்பெனி வேனில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அந்த வேனை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து ஒரு காரின் புரொஜெக்டர் விளக்கை வாங்கி வந்தாள். கைக்கு அடக்கமாக, முன்னால் பாதிக் கண்ணாடி உருண்டையோடு இருந்தது. உள்ளே ஒரு சின்னத் தகடு வெளிச்சத்தின் மேல் பாதியை மறைக்கும். அதனால் சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது நமக்கான ரோடு, மேலே இருப்பது எதிரே வருகிறவனின் கண். கோடு சுத்தமாக விழுந்தால் வேலை சுத்தம்.

வண்டியின் பழைய விளக்கைப் பிரித்து உள்ளே இதை வைக்க வேண்டும். அதன் கண்ணாடியைக் கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சூடு காட்டினால்தான் விடும். இரண்டு வீடு தள்ளி இருக்கும் நாத்தனார் பிஸ்கட் போட்டு விற்கிறவள். காலையில் அவள் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்த நேரம், மாற்றுச் சாவியால் திறந்து, அவள் ஓவனில் விளக்கைப் பத்து நிமிஷம் வைத்து எடுத்தாள் வயர்க்காரி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்திருப்பாளா?

முதல் நாள் சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தி, எதிரே இருந்த கிடங்குச் சுவரில் விளக்கை அடித்தார்கள். சுவரில் இரண்டு நீல டேப். மேல் டேப் விளக்கின் உயரம், நாலு விரல் கீழே இருந்தது கோடு விழ வேண்டிய இடம். ஆள் உட்கார்ந்தால்தான் கணக்கு சரியாக வரும், பின்னால் பாரம் கூடினால் முன்விளக்கு மேலே தூக்கும். அதனால் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், பின் சீட்டில் அவளுக்குப் பதில் அவருடைய குழாய்ச் சாமான் மூட்டை.

“மூட்டை பரவாயில்ல. உன்னை மாதிரி காதுகிட்ட கத்தல,” என்றார்.

“கோட்டைப் பார்த்துச் சொல்லுங்க.”

“மசமசன்னு இருக்கு. ஓரத்துல பஞ்சு ஒட்டின மாதிரி.”

வண்டி பக்கம் வந்து பார்த்தபோது அவளுக்குக் கோடு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அவள் கண்ணாடி போடுகிறவள். அவரோ ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பேன் என்று மார்தட்டுகிறவர். கோளாறு நம் கண்ணில்தான் என்று முடிவு கட்டினாள். மறுநாள் காலை திரும்பவும் ஓவன். லென்ஸை ஒரு வாஷர் கொடுத்து முன்னே தள்ளினாள். சாயங்காலம் அவர், “அதே பஞ்சுதான்,” என்றார். மூன்றாம் நாளும் ஓவன், இன்னொரு வாஷர். ஒவ்வொரு தரமும் இதுதான் கடைசி என்று நம்பிப் பசை வைத்து ஒட்டினாள் பாவம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாத்தனார் ஒரு டப்பாவோடு வந்து நின்றாள்.

“அண்ணி, இதுல ஒண்ணு தின்னு பாருங்க.”

வயர்க்காரி கடித்தாள். டயர் வாசனை குப்பென்று வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

“நல்லவேளை, கடைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நானே தின்னு பார்த்தேன். என் ஓவன்ல என்னத்தை வேக வச்சீங்க?” என்றவள் சுவரைப் பார்த்தாள். “இதுக்குத்தானா? சும்மா சொல்லக்கூடாது அண்ணி, கத்தியால வெட்டின மாதிரி விழுது கோடு.”

“வெட்டின மாதிரியா? உங்க அண்ணன் பஞ்சுங்கறாரே.”

நாத்தனார் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். “அண்ணே, சுவத்துல எத்தனை டேப் ஒட்டியிருக்கு?”

“ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா? ஒண்ணு.”

அவர் கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார்.

“அப்பாவுக்குக் கண்ல புரை விழுந்தப்ப, நிலாவுக்கு மீசை முளைச்சிருக்குன்னு சொன்னாரு,” என்றாள் நாத்தனார் மெதுவாக. “ஞாபகம் இருக்கா அண்ணே?”

வயர்க்காரிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. உப்பா சர்க்கரையா என்று அவர் நக்கிப் பார்த்தது. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு டிவி செய்தியைச் சொன்னது. குழாய் மரையை விரலாலேயே தடவி முடுக்குகிறவர், வேலையில் யாருக்குத் தெரியப் போகிறது? மூன்று நாள் உழைப்பை நினைத்துக் கோபம் வந்தது. அந்தக் கண்ணை நம்பிப் பின்னால் உட்கார்ந்து வந்ததை நினைத்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“ஆறேழு மாசம் இருக்கும். லைட்டுதான் மங்கல்னு நெனச்சேன். அப்புறம் பகல்லயும்...” அவர் அசடு வழிந்தார்.

“ஏங்க சொல்லல? என்னைப் பத்திரமா கூட்டிட்டு வரணும்கிற நெனப்பே இல்லையா?”

“சொன்னா வண்டியத் தொடவிடமாட்டே. நீ வேன்ல வந்துருவே.” அவர் பெட்ரோல் டேங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். “அப்புறம் நாம எப்பப் பேசறது?”

வேனை நினைத்து அழுதது தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் வயர்க்காரி நினைத்திருந்தாள்.

“தப்புதான்,” என்றார் அவர்.

“புரைதானான்னு நாளைக்கே போய்ப் பார்த்துடுவோம்,” என்றாள் நாத்தனார். “அதுக்கெல்லாம் இப்ப ஆபரேஷன் இருக்கு. ஓவன் கழுவத்தான் எதுவும் இல்ல.”

“நான் கழுவித் தரேன் தாயே,” என்றாள் வயர்க்காரி.

குழாய்க்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியின் கைப்பிடியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. வயர்க்காரிக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. ஆனாலும் கேட்டதில்லை. கேட்டால் வம்பு. அவர் மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார்.

“நீ முன்னாடி உக்காரு.”

“எதுக்கு?”

“இனிமே பாரம் மாறுதுல்ல. நீதானே சொன்னே, பின்னாடி கனம் கூடினா லைட்டு மேல தூக்கும்னு. நான் உன்னை விட இருபது கிலோ ஜாஸ்தி. எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கப் போகுது.”

“வேலை முடிஞ்சு நானே ஓட்டிட்டு வந்துடுவேன். நீங்க எதுக்கு வரணும்?”

“ஆறு மணிக்கு பஸ் பிடிச்சு உன் வாசலுக்கு வந்துடறேன். பின்னாடி ஏறிக்கறேன்.”

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய், அதே வீட்டுக்கு வண்டியில் திரும்பி வருகிற மனிதனை அவள் பார்த்ததில்லையாம்.

வயர்க்காரி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் ஏறினார். வண்டி பின்பக்கம் அமுங்க, கோடு மேல் டேப்பையும் தாண்டிப் போனது. நாத்தனாரிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து விளக்கின் அடித் திருகைக் காட்டினாள். ஒவ்வொரு திருகலுக்கும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கீழ் டேப்பைத் தொட்டதும், “போதும், கையை எடுத்துடு,” என்றாள்.

பின்னாலிருந்து அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கோடு எப்படி இருக்கு?”

“சுத்தமா இருக்குங்க,” என்றாள்.