சந்தாபுரா ஏரிப் பூச்சி

...இங்கிலீஷில் அஞ்சு எழுத்து ஆயிற்று, இன்னும் ஒன்பது இருக்கிறது, நகத்தளவு சிவப்புச் சீட்டில் மிச்ச இடமோ எள்ளளவு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும், சந்தாபுரென்சிஸ், அர்த்தம் தெரியாத பேரை எழுதும்போது பேனா தயங்குவதில்லை, பதினோரு வருஷமாக இந்தக் காலேஜ் மியூசியத்தில் தெரியாத பேரைத்தானே எழுதுகிறேன், இந்தப் பேருக்கு மட்டும் அர்த்தம் தெரிந்து தொலைத்துவிட்டது, சந்தாபுராவைச் சேர்ந்தது என்று அர்த்தமாம், வெங்கடசாமி சார் நேற்று மேஜைமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு கன்னடம் கலந்த தமிழில் சொன்னார், "சொர்ணம்மா, ஸ்வல்ப நீட்டா எழுதும்மா, நாம செத்தாலும் இந்தப் பேரு இருக்கும்." நாம என்கிறார். அரிசியில் பாதி இருக்கும் இந்தத் துடுப்புப்பூச்சி, பின்னங்கால் இரண்டையும் துடுப்பு மாதிரி போட்டுத் தண்ணீருக்குள் ஓடும், மூன்று ஜாதி நம் ராஜ்ஜியத்தில் முதல் தடவை கிடைத்திருக்கிறதாம், இது ஒன்று உலகத்துக்கே புதுசாம், ஆண் பூச்சியின் முன்னங்காலில் சீப்பு மாதிரி முள் வரிசை, அதை எண்ணித்தான் புதுசு என்று கண்டுபிடித்தார், எண்ணியது சார், ஊசியில் ஒட்டியது நான், ஊசிக்கு அடியில் வெள்ளைச் சீட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதையும் நான்தான் எழுதினேன், ஊர் சந்தாபுரா ஏரி, தேதி போன வருஷம் ஜூன் பதினாலு, பிடித்தவர் வெங்கடசாமி. அதில் பேர் அவருடைய பொய், ஊர் என்னுடைய பொய், தேதி ஒன்றுதான் நிஜம்.

சந்தாபுராவுக்குப் போகாமல் இல்லையே, போனேன், வலை, பாட்டில், ஸ்பிரிட் எல்லாம் தூக்கிக்கொண்டு ஒசூர் ரோட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், கரைமேல் ஏறிப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினேன், நாலு பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் சொன்னான், "யக்கா, மீனு புடிக்க வந்தியா, ஆளு புடிக்க வந்தியா?" இன்னொருத்தன், "இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டுக்கா, நனைஞ்சிரும் பாரு." சீட்டைக் கீழே வைத்துவிட்டு நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்கள், சினிமா பார்க்கிற மாதிரி. பயமா, அது பயம் இல்லை, எங்கம்மா ஏரி தூர் வாருகிற வேலையில் மண் சுமந்தவள், இதைவிடக் கேவலமான பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே கூடையை இறக்கியிருக்கிறாள், கேட்கிற வயதில் நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அப்படி நிற்க வேண்டாம் என்றுதானே பத்தாவது வரை படித்தேன், படித்து வந்து அதே மாதிரி புடவையைத் தூக்கிக்கொண்டு... திரும்பிவிட்டேன், அடுத்த பஸ்ஸே பிடித்துவிட்டேன். வெறும் பாட்டிலோடு போய் நின்றால் சார் என்ன சொல்வார், இதுக்குத்தான் லேடீஸை அனுப்பக்கூடாது என்பார், ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், தினக்கூலிக்காரிக்கு மூன்றாவது தடவை உண்டா? ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு சிமெண்ட் தொட்டி, தலைக்குமேல் கார்ப்பரேஷன் விளக்கு, விளக்கு போட்டதும் இந்தப் பூச்சிகள் எங்கிருந்தோ பறந்து வந்து தொட்டியில் விழும், குடத்தில் ஏறிவிடும், துணி கட்டி வடிகட்டித்தான் குடிப்போம், அன்றைக்கு சாயங்காலம் டீ வடிகட்டியால் அள்ளினேன், பதினாலு. சந்தாபுரா என்று எழுதினேன். பூச்சியில் ஊரா எழுதியிருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது, அலமாரிக்குள் போகிற சாமான், அங்கே ஆயிரம் பெட்டி கரப்பான் தின்று கிடக்கிறது, ஆயிரத்தோடு ஒன்று என்று நினைத்தேன், அந்த ஒன்றைத்தான் எடுத்துப் பார்ப்பார் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

பூச்சியைப் பற்றி சார் எழுதி அனுப்பின கட்டுரையைச் சோதிக்கிறவர்கள் எழுதிக் கேட்டுவிட்டார்கள், ஒரு தடவை கிடைத்தது போதாது, அதே ஏரியில் மறுபடி பிடித்துக் காட்டுங்கள் என்று. அதற்கு அனுப்பினது தாரணியை, சாரிடம் ஆராய்ச்சி செய்கிற பெண், தர்மபுரிப் பக்கம், செங்கல் சூளைக்காரர் மகள், கை காய்த்திருக்கும், முதல் நாள் பார்த்ததும் எனக்குப் பிடித்தது அந்தக் கைதான். அந்த நாலு பேரும் இவளை என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், "சொல்றானுங்கக்கா, நான் தண்ணிக்குள்ள எறங்கிட்டா காதுல விழாது" என்றாள். மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் கிடைக்கவில்லை, இல்லாதது எப்படிக் கிடைக்கும். போன வியாழக்கிழமை சார் கத்தினது வராந்தா வரை கேட்டது, ஏரியை கெரே என்றுதான் சொல்வார், "பூச்சி இல்லேன்னா நீ கெரேக்கே போகல்லேன்னு அர்த்தம், பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வந்துட்டு எனக்குக் கதை சொல்றியா?" நான் அப்போது பெட்டி துடைத்துக்கொண்டிருந்தேன், துணி நின்றது, மறுபடி துடைத்தேன். இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தால் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி எழுதிவிடுவேன் என்றிருக்கிறார், நின்றால் அவள் சூளைக்குத்தான் போக வேண்டும். போய்ச் சொல்லிவிடேன், சார், அது எங்க தொட்டித் தண்ணிப் பூச்சி சார் என்று... என்னை வேலையில் நிரந்தரம் செய்யச் சொல்லி சார் எழுதின காகிதம் ஆபீசில் இருக்கிறது, நேர்மையானவர், பொறுப்பானவர் என்று அதில் எழுதியிருக்கிறதாம், கிளார்க் டொமினிக் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினான், இனிமே நீங்க மேடம்தான் என்று கும்பிடு போட்டான். அதனால் காலையில் தொட்டியில் அள்ளினேன். ஒன்பது பூச்சி, என் பையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது, இரண்டு ஆண், சீப்பு முள்ளை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டேன், அதுவேதான். இது அவளுக்காகத்தானே, என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது, எனக்காகவும்தான் என்று ஒரு தடவை.

தாரணி மூன்று மணிக்கு வந்தாள், சுடிதார் முழங்கால் வரை சேறு, குதிகாலில் கைக்குட்டை சுற்றியிருந்தது, பாட்டில் சில்லு கிழித்துவிட்டதாம், ஸ்டூலில் உட்கார்ந்து தன் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள், வண்டு இரண்டு, தலைப்பிரட்டை ஒன்று. "போச்சுக்கா," என்றாள், அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தேன், "ஞாயித்துக்கெழம சும்மாதான இருந்தேன், நானே ஒரு நடை சந்தாபுரா போயிட்டு வந்தேன், சாருகிட்ட நீ புடிச்சதா சொல்லிக்கோ." அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று மட்டும் சொன்னாள். போதும், இத்தோடு விட்டிருக்கலாம். நோட்டை எடுத்தாள். "எந்தப் பக்கம்க்கா எறங்குனீங்க?" ஏரிக்கு நாலு பக்கம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது, மதகு இல்லாத ஏரி ஏது, "மதகுகிட்ட," என்றேன். "மதகுகிட்டயா?" "ஆமா, கோரை மொளச்ச எடத்துல, முட்டிக்கால் தண்ணி, கீழ களிமண்ணு, காலு வழுக்கும்." எங்கம்மா எந்த ஏரியிலோ வழுக்கி விழுந்த களிமண் அது, என் வாயில் அத்தனை சுத்தமாக வந்தது. அவள் எழுதவில்லை. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "போன தடவ, இன்னிக்கு, ரெண்டு தடவையும் மதகுகிட்டதான்க்கா நின்னேன், ரெண்டு ரெண்டு மணி நேரம் வலை போட்டேன்..." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள், நல்லவேளை, கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது, சத்தியமாக நல்லவேளை என்றுதான். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எங்கண்ணுதான்க்கா சரியில்ல, சார் சொன்னது நெசந்தான், எனக்குப் பாக்கவே தெரியல," என்றாள். நாலு தடவை தண்ணீரில் நின்றவள், கால்விரலைக்கூட நனைக்காதவளை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறாள், இல்லை தாரணி, உன் கண்தான் சரி என்று நாக்கு வரை வந்தது... அவள் நோட்டில் பின்னால் புரட்டினாள், நாலு தேதி, நாலுக்கும் நேராக, இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்தி எழுதியிருந்தது, நாலாவதில் சேற்றுக் கறை இன்னும் காயவில்லை, சார் கேட்டா என்ன சொல்றது, இத அடிச்சிடறேன்க்கா என்று பேனாவை வைத்தாள், அந்த ஏரியைப் பற்றி இந்தக் கட்டடத்தில் எழுதப்பட்ட ஒரே நிஜம் அந்த நாலு வரிதான், அடிக்காதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "ஸ்கேல் வெச்சு அடிம்மா," என்றேன், "கோணலா இருந்தா சாருக்குப் புடிக்காது."