மூன்றாம் மேசையின் பூட்டு

“மாமா, உள்ளுக்க இருக்கிற கொம்பியூட்டரும் லைன்லயா நிக்குது?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி கேட்டாள். 2007ஆம் ஆண்டு. பனிச்சங்கேணிப் பக்கமிருந்து ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள் மட்டக்களப்பில் அந்த நிவாரண அலுவலகத்தின் முற்றத்தில் வெயிலில் நின்றன. பதிந்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் அரிசியும் பருப்பும். உள்ளே கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அசனார் நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

அசனார் காத்தான்குடிக்காரன். கட்டாரில் ஒரு கம்பனியில் தரவுத்தளங்களைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவன். இங்கே ஐந்து மேசைக் கணினிகளுக்கும் பொதுவான சேர்வர் அவன் பொறுப்பு. சில நாட்களாக அது நோயாளியைப்போல இழுத்துக்கொண்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரைகளில் பதிவுப் புரோகிராம் உறைந்துவிடும்.

முதலில் தேடலைச் சந்தேகித்தான். ஒரு பெயரைக் கேட்டால் இயந்திரம் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை வாசித்துக்கொண்டிருந்தது. கிராமத்துக்கும் அட்டை எண்ணுக்கும் இன்டெக்ஸ் என்ற சுட்டுப்பட்டியல் போட்டான். தேடல் வேகமானது. உறைவது மட்டும் நிற்கவில்லை.

“மண்டூர் முருகனுக்கு ஒரு நேத்தி வையுங்க தம்பி,” என்றார் முதலாம் மேசை நல்லரத்தினம். “உங்கட அல்லாவும் எங்கட முருகனும் சேந்து தள்ளினாத்தான் இது நகரும்.”

“அதுக்கு முதல் நீங்க அந்தச் சீட்டு விளையாட்ட மூடுங்க அண்ணன்.”

“இது நிக்கக்குள்ளதானே விளையாடுறன்! நான் விளையாடி இது நிக்கல்ல.”

பொறுப்பதிகாரி வினாயகமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. “மேலிடத்தில கேக்கிறாங்க தம்பி. ஆர்ர பிழை எண்டு பின்னேரத்துக்குள்ள சொல்லுங்க. அந்த ஆளை நிப்பாட்டிட்டு வேற ஆளைப் போடுறன்.”

“ஆள்லதான் பிழை எண்டு எப்பிடி சேர்?”

“மிஷின் புதுசு. மறுகா ஆள்லதானே பிழை?”

அவர் போன கையோடு திரைகள் மறுபடி உறைந்தன. அசனார் சேர்வரைப் பார்த்தான். அதற்கு வேலையே இல்லை. வன்வட்டு இயங்குவதைக் காட்டும் சிறு விளக்கு மினுங்காமல் கிடந்தது. உழைத்துக் களைத்த இயந்திரம் இப்படி அமைதியாக இருக்காது. சிறுமி கேட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இது உழைக்கவில்லை, காத்து நிற்கிறது.

யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்தான். மற்ற நான்கு மேசைகளும் மூன்றாம் மேசைக்குப் பின்னால் நின்றன. ஒருவர் எழுதும் பதிவில் இன்னொருவர் கை வைக்காதபடி புரோகிராம் ஒரு பூட்டுப் போடும், சேமித்ததும் திறந்துவிடும். இந்தப் புரோகிராமை எழுதியவர்களோ, ஒரு குடும்பத்தின் பதிவைத் திறந்த உடனேயே எல்லாக் குடும்பங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பூட்டும்படி அமைத்திருந்தார்கள். மூன்றாம் மேசை ஒரு பதிவைத் திறந்து, சேமிக்காமல் விட்டிருந்தது. சேர்வர் பதிந்துவைத்த முந்திய நாட்களின் குறிப்புகளைப் புரட்டினான். அநேகமாக எல்லாத் தடவையும் அதே மேசை.

அது அன்னப்பூரணியின் மேசை. கதிரை காலியாக இருந்தது. திரையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்க, ‘குடும்பத்தில் எத்தனை பேர்’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக நின்றது. அது வெறுமையாக இருந்தால் புரோகிராம் சேமிக்க விடாது. மூடினாலோ எழுதிய எல்லாம் அழிந்துபோகும்.

அன்னப்பூரணி வெளியே தண்ணீர்த் தாங்கியின் அருகே, பதிய வந்த ஒரு பெண்ணோடு குந்தியிருந்தாள்.

“அவசரமில்ல கா. தண்ணியக் குடி,” என்றாள் அன்னப்பூரணி.

“மூண்டெண்டு சொன்னா காணாமப்போன மூத்தவன நானே இல்லாமலாக்கின மாதிரி. நாலெண்டு சொன்னா நாலாவது ஆள் எங்க எண்டு கேப்பாங்க.”

“நீ சொல்லக்குள்ள சொல்லு. நான் மூடாம வச்சிருக்கன். உன்ட கதைய முதல்ல இருந்து திருப்பிச் சொல்ல விடமாட்டன்.”

அசனார் சத்தமில்லாமல் திரும்பி வந்தான்.

பெயர் கையில் இருந்தது. சொன்னால் நாளை அவள் வரமாட்டாள். போரால் வாவியில் மீன்பிடிக்க இறங்கத் தடை. அவள் புருசனின் தோணி கரையில் காய்கிறது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில். இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில்தான் தரவுகளைப் பிரதி எடுக்க வேண்டும். இங்கே சேர்ந்த முதல் வெள்ளி, பள்ளிவாசலிலிருந்து பதறியடித்து ஓடிவந்தபோது வேலை முடிந்திருந்தது. “தொழப் போறவர மிஷின் இழுத்துப் பிடிக்கப்படாது தம்பி,” என்றாள் அன்னப்பூரணி. அதன்பின் ஒரு வெள்ளியும் அவள் தவறவில்லை, ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

ஆனாலும் முற்றத்தில் பிள்ளைகள் வெயிலில் நிற்பதும் உண்மை. ஒருத்திக்குக் காட்டிய இரக்கம் மற்ற எல்லோரையும் காக்க வைத்தது. அதற்காக இரக்கப்பட்டவளைத் துரத்தினால், அவளிடத்தில் வருபவர் அந்தக் கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வரிசை நகரும். இரக்கத்துக்கு இடம் வைக்காமல் எழுதப்பட்டது புரோகிராம். திருந்த வேண்டியதும் அதுதான்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் உள்ளே வந்து, “நாலு,” என்றாள். அன்னப்பூரணி சேமித்தாள். உறைந்திருந்த திரைகள் அசைந்தன.

“முருகா!” என்றார் நல்லரத்தினம்.

மதியம் எல்லோரும் சோற்றுப் பார்சலோடு வெளியே போனார்கள். அசனார் தன் பார்சலைப் பிரிக்கவில்லை. சேமிக்கும் கணத்தில் மட்டும், அந்த ஒரு பதிவுக்கு மட்டும் பூட்டு விழும்படி மாற்றினான். எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விட்டும் சேமிக்க இடம் வைத்தான். பிறகு மூன்றாம் மேசையில் ஒரு பதிவைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு, முதலாம் மேசையில் இன்னொன்றைச் சேமித்துப் பார்த்தான். தடங்கலின்றிப் போனது.

பின்னேரம் அன்னப்பூரணி பலமுறை தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்வந்தாள். திரைகள் உறையவில்லை. வெயில் தாழுமுன் முற்றம் வெறுமையானது.

“ஆர் தம்பி?” என்றார் வினாயகமூர்த்தி.

“பூட்டுப் போடுற முறையில பிழை சேர். புரோகிராம் எழுதினவங்க விட்ட பிழை. திருத்திட்டன்.”

“எந்த மேசையில?”

“அஞ்சு மேசைக்கும் ஒரே புரோகிராம்தானே சேர்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

“மிஷினுக்கு இண்டைக்கு நல்ல புத்தி வந்திட்டு,” என்று சொல்லிக்கொண்டே அன்னப்பூரணி பையை எடுத்தாள். “வாறன் தம்பி. பாதைப் படக விட்டா வாவியால நீந்தித்தான் போகணும்.”

“கவனமாப் போங்க அக்கா.”

எல்லோரும் போனபின் அசனார் காத்திருப்புக் குறிப்புகளைத் திறந்தான். வரிக்கு வரி மூன்றாம் மேசை. பிழை எங்கே இருந்தது என்று உண்மையாகச் சொல்லியாயிற்று. இனி இவை யாருக்கும் தேவையில்லை. ஒவ்வொன்றாக அழித்தான். சேர்வரின் விளக்கு ஒருமுறை மினுங்கி அடங்கியது. ஆறிப்போன சோற்றுப் பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.