சுண்டலுக்கு முன் ஒரு பாட்டு

சுகந்தினி புனேவில் கிரிஜாவின் தாபோடி வீட்டுக்கு வந்து மாதங்கள் பல ஆகியும் "ஓம்", "இல்லை" இரண்டையும் தாண்டி வாய் திறக்கவில்லை. கிரிஜாவும் எதையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது பாத்திமாவின் உத்தரவு. கல்லூரித் தோழியான பாத்திமா, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமில் மனநல ஆலோசகர். மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த பதின்மூன்று வயதுச் சுகந்தினியை இயக்கம் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கி கொடுத்திருந்தது. மூன்று வருஷம் கழித்துத் தப்பி முகாமுக்கு வந்தால், அங்கேயும் யார் யாரோ அவளைத் தேடி விசாரித்தார்கள். அதனால்தான் கண்காணாத புனேவுக்கு அனுப்பிவைத்தாள் பாத்திமா.

"அவளா ஒரு நாள் சொல்லுவா. அன்னிக்கு நீ முகம் சுளிக்காம கேட்டுட்டா போதும், பிழைச்சுக்குவா" என்றாள் போனில்.

இவ்வளவுதானே என்று கிரிஜா ஒத்துக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர் அவள். அழுகிற பிள்ளைகளைத் தேற்றுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு.

கெட்டவள் இல்லை, பாவம். படாரென்று சாத்தினால் அந்தப் பெண் நடுங்கிப்போகிறாள் என்று எல்லாக் கதவிடுக்கிலும் துணி சொருகி வைத்தாள். அக்கம்பக்கத்து மராட்டிக்காரர்களிடம் அக்கா மகள் என்று சொல்லி வைத்தாள். அவர்களுக்கு எந்த ஊர்த் தமிழும் ஒரே தமிழ்தான். கிரிஜாவின் நான்கு வயது மகள் சஹானா மட்டும் எந்தக் கட்டுப்பாடும் தெரியாமல் சுகந்தினி மடியிலேயே குடியிருந்தாள்.

அந்த வருஷமும் நவராத்திரி வந்தது. கொலு வைத்தால் தமிழர்கள் வருவார்கள் என்பது கிரிஜாவுக்கு உறைக்காமல் போனதுதான் வினை. தமிழ்ச் சங்கச் செயலாளர் பாலசுப்ரமணியன் மனைவி பார்வதியோடு வந்து சேர்ந்தார். பார்வதி ஒரு கீர்த்தனை பாடி முடித்துவிட்டு, சமையலறை வாசலில் நின்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் பாடும்மா. பாடாதவங்களுக்குச் சுண்டல் கிடையாது."

சஹானா ஓடிப்போய்ச் சுகந்தினியை இழுத்து வந்து உட்காரவைத்து மடியில் ஏறிக்கொண்டாள். கிரிஜா தடுப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது. ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் பாட்டு. முதலில் நடுங்கிய குரல் பிறகு நிமிர்ந்துகொண்டது. கிரிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாலசுப்ரமணியன் எழுந்தே நின்றுவிட்டார். பாட்டிலேயே ஊர் தெரிந்துவிட்டது, மற்றதை அவரே ஊகித்துக்கொண்டார்.

"மட்டக்களப்பாம்மா? இயக்கத்துல இருந்தியா?"

இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினாள். மனுஷர் கைகூப்பினார். பொன்னாடை போர்த்துவதைத் தவிர வேறு வீரம் அறியாதவர். "சங்க விழாவில உன்னை மேடையேத்தாம விடமாட்டேன். வீரம்னா என்னன்னு நம்ம பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும். எத்தனை பேரைம்மா சுட்டே?" சுண்டலில் உப்பு போதுமா என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

"சார், வேண்டாம்" என்றாள் கிரிஜா. அதற்குள் சுகந்தினி, சஹானாவைச் சரியாக இருத்திக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தாள்.

"ஒராளைத்தான். ரஞ்சினி எண்டு, என்ட வகுப்பு. ரெண்டு பேரையும் ஒரே நாள்தான் பிடிச்சவங்க. அவ வீட்ட போகப் போறன் எண்டு ஓடினவ. திருப்பிக் கொண்டுவந்து, என்னைச் சுடச் சொன்னாங்க. நான் மாட்டன் எண்டு சொல்லேல்ல. சுட்டன். அவக்கு நான்தான் தலை பின்னி விடுறது."

பார்வதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாலசுப்ரமணியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதெல்லாம் மேடையில சொல்ல வேணாம்மா" என்றார். "வேற ஏதாவது, சண்டை கிண்டைன்னு..."

சுகந்தினி அவரைப் பார்க்கவில்லை. கிரிஜாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திமா சொன்ன நாள் இதுதான் என்று கிரிஜாவுக்கும் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும், தலையைத் தடவ வேண்டும், ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாம் மனசுக்குள் ஒழுங்காகத்தான் ஓடியது. வாய் மட்டும் தன்பாட்டுக்கு வேறு சொல்லிற்று.

"சஹானா, இங்க வா."

குழந்தை மாட்டேன் என்று சுகந்தினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சுகந்தினியே அந்த விரல்களை மெதுவாகப் பிரித்து, தூக்கி வந்து கிரிஜாவின் கையில் கொடுத்தாள். பிறகு, யாரும் போகச் சொல்லாமலே, உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தாள்.