ஆறு வயதுப் பேரரசன்

புஸ்பவதி கணவனின் உலர்ந்த உதடுகளைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது, இராசலிங்கம் கண் திறந்து கொப்பியைக் கேட்டார். ஜேர்மனியின் பான் நகர ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி. வயிற்றில் புற்று. இன்றோ நாளையோ என்று காலையில்தான் டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எந்தக் கொப்பி என்று அவள் கேட்கவில்லை. ஊரில் சரித்திர வாத்தியாராக இருந்தவர் அவர். அகதி விடுதிக்கு வந்த இரண்டாம் மாதமே அகராதியும் கையுமாக நூலகத்து ஜேர்மன் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கி, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய யப்பானிய அரசன் ஒருவனிடம் போய் நின்றுவிட்டார். அரசன் என்றாலும் குழந்தை. பெயர் அந்தொக்கு. தாயிரா குடும்பத்தின் தலைவர் தன் மகள் வயிற்றுப் பேரனை, இரண்டு வயது நிறையுமுன்பே சிம்மாசனத்தில் இருத்தி, அவன் பெயரால் தானே ஆண்டார். மினமொத்தோ என்ற எதிர்க்குடும்பம் படை திரட்டியது. தாயிராக்கள் தோற்றுத் தோற்று, ஆறு வயதாகிவிட்ட பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கடல்வரை ஓடினார்கள். மூன்று வருடமாக அதைத்தான் அந்தக் கொப்பியில் எழுதினார்.

புஸ்பவதிக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம். எண்பத்தைந்தில் மன்னாரிலிருந்து புறப்பட்ட வள்ளம் கவிழ்ந்து, அவர்களுடைய கௌசிகனைக் கடல் கொண்டுபோனது. அவனுக்கும் ஆறு வயது. கையிலிருந்து அலை பறித்துவிட்டது என்று கரையில் வைத்து ஒருமுறை சொன்ன இராசலிங்கம், பிறகு அவன் பெயரை எடுத்ததேயில்லை. ஆனால் விடுதி அறையில் அவர் எழுதும்போதெல்லாம் மேசையருகே இன்னொரு மூச்சு கேட்பதுபோல அவளுக்குப் படும். திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கொப்பியின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

"நீர் எழுதும்," என்றார். "எனக்கு ஏலாது."

அவள் பேனையை எடுத்தாள்.

"சண்டை தோத்துப்போச்சு. அம்மம்மாக்காரி பெடியனை இறுக்கிப் பிடிச்சபடி கடலுக்கை குதிச்சவ. விடேல்லை."

எழுதினாள். அவர் நெடுநேரம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, எழுதச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"நான் விட்டிட்டன். அலை பறிக்கேல்லையப்பா. கை உளைஞ்சுது. விட்டிட்டன்."

பேனை நின்றது. வெளியே சாப்பாட்டுத் தட்டுகள் குலுங்கத் தள்ளுவண்டி ஒன்று கடந்து போய், சத்தம் அடங்கியது.

"அவன் ஏதும் சொன்னவனோ?"

"குளிருது அப்பா எண்டவன்."

அதன்பின் அவருடைய மூச்சு விட்டுவிட்டு வந்தது. பின்னேரம் மூன்று மணியளவில் அடுத்தது வராமல் போயிற்று. அவள் கொப்பியை மடியில் வைத்தபடி இருந்தாள்.

தாதி வந்து நாடி பார்த்தாள். கண்களை மூடிவிட்டாள். பிறகு யன்னலை அகலத் திறந்தாள். உயிர் வெளியே போகட்டும் என்று இப்படிச் செய்வது தங்கள் பக்கத்து வழக்கம் எனத் தணிந்த குரலில் விளங்கப்படுத்திவிட்டு, டொக்டரைக் கூட்டிவரப் போனாள்.

மார்கழிக் குளிர்காற்று உள்ளே வந்தது. கட்டில் விரிப்பின் ஓரம் அசைந்தது. புஸ்பவதி எழுந்து போய் யன்னலைச் சாத்தினாள்.