சுமந்த எலும்பு

மழை வெளிச்சம். சாம்பல் பூத்த வெளிச்சம். பிணவறை மேசையில் ஒற்றைத் தொடை எலும்பின் மேல் அது படுத்துக் கிடந்தது, எழுந்திருக்க மனசில்லாத மாதிரி.

மழைக்கு முந்தி, கல்குவாரிக் குட்டை வற்றியபோது அகப்பட்ட எலும்பு. இரண்டு முனையையும் நாய் தின்றுவிட்டது. முனை இருந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். நடுத்தண்டுதான் மிச்சம்.

டாக்டர் சீனித்தாய் நாடாவைச் சுற்றி அளந்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடி அளந்தாள். தடித்த எலும்பு. சுற்றளவை வைத்து ஆண், பெண் பிரிக்கும் அட்டவணை ஆண் என்றது.

வாசலில் குருவம்மா. குவாரி வேலைக்குப் போன மகள் மாரிக்கனி திரும்பி வராமல் மூன்று மழை போய்விட்டது. இது நாலாவது.

"எலும்பு தடிமனா இருக்கும்மா."

"அப்ப ஆம்பளைதான் தாயி! அப்படியே எழுதிருங்க. எம்புள்ள எங்கனயாச்சும் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருப்பா."

எழுதிவிடலாம். அட்டவணையே சொல்கிறது. ஒரு கையெழுத்து, அப்புறம் வீடு. காலையிலிருந்து நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆனால் சீனித்தாயும் கல் உடைத்த வீட்டுப் பிள்ளை. செத்துப்போன அம்மாவைக் குளிப்பாட்டும்போது அந்தக் கால்களைத் தூக்கிப் பிடித்தவள். ஆம்பளைக் கால் மாதிரி கனத்தது. சுமை சும்மா போகாது. எலும்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அட்டவணைக்காக எலும்பு அளக்கப்பட்ட பெண்கள் யாரும் கல் சுமந்தவர்கள் இல்லை.

"உங்க மக அங்க என்ன வேலைம்மா பாத்தா?"

குருவம்மாவின் முகம் மலர்ந்தது. "கல்லுச் சுமைதான். பாவாடை கட்டுன வயசுலேர்ந்து. ரெண்டு ஆம்பளை தூக்குறத ஒத்தையா தூக்கிருவா. 'ஏ எருமைக்காலி'ம்பான் மேஸ்திரி. 'போடா நோஞ்சான்'ம்பா இவ. அம்புட்டுத் தடி அவ காலு…"

அவள் கண் மேசை மேலிருந்த எலும்புக்குப் போனது.

மழை கொட்டியது. தகரக் கூரையில், ஓயாமல், ஓயாமல்.

'ஆணா பெண்ணா எனச் சொல்ல இயலாது. மரபணுச் சோதனைக்கு அனுப்பவும்' என்று எழுதினாள் சீனித்தாய். பேனா கனத்தது.

"கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்மா. உங்க ரத்தத்தோட ஒத்துப் பாப்பாங்க."

குருவம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்து கையைக் கொடுத்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

மழை வெளிச்சம். சாம்பல் பூத்த வெளிச்சம். நீட்டிய அந்தக் கால்களின் மேல் அது படுத்துக் கிடந்தது.

தடித்த கால்கள்.